மூச்சை மறைத்த செங்கல்வராயன்

செங்கல்வராயன் வாலிபத்தில் பழவேற்காட்டுப் பாலத்தடியில் முழுகி லைட் ஹவுஸ் பக்கம் எழுந்தவன் என்று எங்கள் குப்பத்தில் சொல்வார்கள். வழியில் ஒரு நண்டை நிறுத்தி, கடல் எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டானாம். நண்டு விஷயத்தை நான் நம்புவதில்லை. நண்டுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஆனால் அவன் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் வெற்றிலை போட உட்கார்ந்த நேரத்தில், மாப்பிள்ளையே அந்த வாத்தியத்தை எடுத்து ஒரு ஊது ஊதியதில் பந்தலின் கிழக்கு மூலை தூக்கிக்கொண்டதை நானே பார்த்தேன். காற்றடித்தது என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பெண் வீட்டுக்காரர்கள்.

நாற்பது தாண்டியதும் அந்த மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டது. முதலில் விடியற்காலை இருமல். பிறகு படகைத் தள்ளும்போது நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் மல்லாந்து படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடியே தூங்கப் பழகினான். மீன்பாடு இல்லாத நாட்களில் கருவாட்டுக் களத்துக்குக் கூலிக்குப் போவான். காய்ந்த இறாலைச் சாக்கில் கட்டித் தடியால் அடித்து, ஓடு பிரித்துப் புடைக்கிற வேலை. அடிக்க அடிக்க மஞ்சளாக ஒரு தூள் கிளம்பும். கண்ணிலும் மூக்கிலும் கட்டிக்கொண்டு போன சோற்றிலும் அது ஏறும். அந்த வேலையைத்தான் முதலில் விடச் சொன்னார் பொன்னேரி அரசு மருத்துவமனை டாக்டர். ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். பந்தலைத் தூக்கியவன் ஊத, குழாயில் இருந்த முள் பாதி தூரம்கூடப் போகவில்லை.

இதற்குப் பெயர் ஆஸ்துமா, இதை அடியோடு விரட்ட முடியாது, ஆனால் கட்டிவைக்கலாம், தினமும் மருந்தை இழுத்தால் எல்லாரையும் போல வாழலாம் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். செங்கல்வராயன் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். தண்ணீரில் இறங்கலாமா? முதலில் மருந்தை ஒழுங்காக எடு, அதைப் பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்தப் ‘பிறகு’ அவனைக் கலக்கிவிட்டது.

ஏன் கலக்கியது என்று சொல்லிவிட வேண்டும். ஏரியில் எங்கள் ஆட்கள் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. இறால் ஓடும் நல்ல இடங்களைக் குப்பத்துக் குடும்பங்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒரு தரம் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். எந்தக் குழுவுக்கு எந்த நாள் விழுகிறதோ அந்த நாளில் அந்த இடம் அவர்களுடையது. வேறு யாரும் கிட்ட வரக் கூடாது. கல்யாணமான ஆம்பளைக்கு ஒரு பாடு. ஆனால் அவன் தானே தண்ணீரில் இறங்க வேண்டும். முடியாமல் போனால் அவன் மகன் இறங்கலாம். மகன் இல்லாதவன் இறங்காமல் நின்றால், புதிதாகக் கல்யாணம் கட்டிக்கொண்டு வரிசையில் காத்திருக்கும் பையன் ஒருவனுக்கு அந்த இடம் போய்விடும். செங்கல்வராயனுக்கு இருப்பது ஒரே பெண், நந்தினி. பொன்னேரிக் கல்லூரியில் படிக்கிறாள். அவள் நைனாவுக்காக ஏரியில் இறங்க எங்கள் முறையில் வழி இல்லை.

தண்ணீரில் இறங்குவது என்றால் குளிக்கப் போவது மாதிரி இல்லை. மூங்கில்களை வளைவாக நட்டு வலையைக் கட்டிய பிறகு, ஆளுக்கு ஒரு துண்டு இடம் பிரித்துக்கொண்டு நெஞ்சளவு நீரில் நிற்பார்கள். வலையின் அடிக்கயிற்றைக் காலால் மிதித்துச் சேற்றில் புதைக்க வேண்டும். கால் எட்டாத பள்ளத்தில் முழுகிக் கையால் அழுத்த வேண்டும். ஒருவன் தன் இடத்தை விட்டு நகர்ந்தால் கயிறு அங்கே மேலே வரும். உள்ளே சேர்ந்த இறால் முழுவதும் அந்த வழியாகவே ஓடிப்போகும். ஆகையால் பக்கத்தில் நிற்பவனின் மூச்சு எல்லாருடைய சொத்து.

பொன்னேரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸிலேயே பெண்சாதி பச்சையம்மாவிடம் விஷயத்தைச் சொன்னான். வீட்டில் சொன்னால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

“ஊர்ல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது பச்சே. எளப்புக்காரன்னு பேரு வந்துதுன்னா அடுத்த சீட்டுல என் பேரே இருக்காது.”

பச்சையம்மா திருப்பாலைவனம் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அப்போ எனக்குத்தான் எளப்புன்னு சொல்லிடலாம்” என்றாள்.

அப்படித்தான் அந்த நாடகம் தொடங்கியது. அதில் விருப்பமில்லாமல் மாட்டிக்கொண்டவள் ஜெஸ்ஸி. பக்கத்துக் குப்பத்து மருமகள். வீடு தேடிப் போய் மருந்து கொடுக்கிற அரசாங்கத் திட்டத்தில் தன்னார்வலர். தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுத்துக்கொண்டு, மணலில் செருப்பைக் கையில் பிடித்தபடி நடப்பாள். செங்கல்வராயனுக்கு எழுதிக் கொடுத்த, மருந்தை வாயால் இழுக்கிற இரண்டு பம்புகளையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கி, மாதாமாதம் அவளே கொண்டுவந்து தருவதாக ஏற்பாடு. ஊருக்கு இது பச்சையம்மாவின் மருந்து என்று இருக்கட்டும் என்று அவன் கேட்டுக்கொண்டபோது அவள் முகம் சுண்டிப்போனது.

“நான் பொய் சொல்ல மாட்டேண்ணா. யார்னா கேட்டா வாயத் தொறக்காம போயிடுவேன், அவ்ளோதான்.”

பொய் சொல்லும் பொறுப்பு பச்சையம்மாவுக்கு வந்தது. அவள் அதைக் குறைவில்லாமல் செய்தாள். குழாயடியில் பெண்கள் கூடியிருக்கும் நேரமாகப் பார்த்து அவள் இருமிய இருமலில் காலிக் குடங்கள் தாமாக உருண்டன. பழவேற்காட்டுக்குப் பறந்து வந்த பூநாரைகள் அந்தச் சத்தத்தில் நெல்லூர்ப் பக்கம் திரும்பிவிட்டதாகக்கூடக் கேள்வி. ஆளாளுக்கு வைத்தியம் கொண்டுவந்தார்கள். தூதுவளை ரசம், ஆடாதோடைக் கஷாயம், கற்பூரவல்லிச் சாறு என்று எதையும் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் அவ்வளவையும் குடித்தாள். அந்த வருஷம் முழுக்க அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. நிஜமான நோயாளி அதே நேரத்தில் பின்பக்கத் தட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டு, சத்தம் வராமல் பம்பை அழுத்திக்கொண்டிருந்தான்.

பம்பு இரண்டு நிறத்தில் வரும். நீலம் ஒன்று, காவி ஒன்று. இரண்டிலும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு சின்ன உலோகக் குப்பி இருக்கும், மருந்து அதில். காவியைக் காலையும் மாலையும், உடம்பு நன்றாக இருந்தாலும் இழுக்க வேண்டும், இழுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். நீலம், மூச்சு முட்டும்போது மட்டும். குலுக்குவது, மூச்சை வெளியே விட்டுவிட்டு உதட்டில் வைப்பது, அழுத்தும்போதே இழுப்பது, இழுத்த மூச்சைப் பத்து எண்ணும்வரை உள்ளேயே நிறுத்துவது என்று எல்லாவற்றையும் ஜெஸ்ஸி செய்து காட்டினாள், அவனையும் செய்ய வைத்துப் பார்த்தாள். அந்தப் பத்து எண்ணுவதில் அவனைக் குறையே சொல்ல முடியாது. ஏரிக்காரன் அல்லவா.

ஆனால் காவியை அவன் தொடவில்லை. நல்லா இருக்கிற அன்றைக்கு மருந்து எதற்கு என்பது அவன் கேள்வி. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. எப்போதாவது எடுத்தால் அது மருந்து, தினமும் எடுத்தால் தான் நோயாளி என்று அவன் மனசுக்குள் ஒரு கோடு போட்டிருந்தான். காவிப் பம்புகள் பிரிக்காமலே அலமாரியில் அடுக்கிக் கிடப்பதை ஒருநாள் ஜெஸ்ஸி பார்த்துவிட்டாள். அவள் கோபப்பட்டதாக நான் பின்னால் கேள்விப்பட்டது அந்த ஒரு தரம்தான்.

“நீலம் வந்து, படகுல ஏறின தண்ணிய எறைக்கிற சொம்பு மாதிரிண்ணா. காவிதான் ஓட்டைய அடைக்கிறது. நீங்க ஓட்டைய அப்படியே வுட்டுட்டு எறைச்சிகினே கீறீங்க.”

செங்கல்வராயன் தலையாட்டினான். ஆட்டிவிட்டு, நீலத்தில் இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டான்.

அந்தப் பருவத்தில் எப்படியோ சமாளித்தான். பம்பைப் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றித் தலைத்துண்டுக்குள் முடிந்துகொள்வான். தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் ஒன்றுக்குப் போகிறவன் போலப் படகுக்குப் பின்னால் ஒதுங்கி, இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வருவான். அவன் குழுவில் பக்கத்து இடம் சின்னதம்பிக்கு. சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். இவன் அடிக்கடி ஒதுங்குவதைப் பார்த்த சின்னதம்பி, மச்சானுக்குச் சர்க்கரை வந்துவிட்டது போல, ரத்தம் எடுத்துப் பார் என்று ஜெஸ்ஸியிடம் போய்ச் சொன்னான். அவள் வாயைத் திறக்காமல் நடந்தாள். அதை வைத்தே சர்க்கரை உறுதி என்று சின்னதம்பி முடிவுகட்டி, அன்றிலிருந்து மச்சானின் டீயில் சர்க்கரை போடக் கூடாது என்று கடைக்காரரிடம் சொல்லிவைத்தான். கசந்த டீயைச் செங்கல்வராயன் ஒரு வார்த்தை பேசாமல் குடித்தான்.

மார்கழி பிறந்தது. கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறி, இறால் நன்றாக ஓடுகிற நேரம். சீட்டில் அந்தக் குழுவுக்கு நல்ல இடம் விழுந்திருந்தது. முந்தின நாள் மத்தியானம் வாசலில் வலையைப் பரப்பி, அறுந்த கண்களை முடிந்துகொண்டிருந்தான் அவன். மேல்கயிற்றில் கோக்கிற மிதவைகளைப் பச்சையம்மா சோதித்துக்கொண்டிருந்தாள். சோதிப்பது சுலபம். ஒரு பெரிய குண்டானில் தண்ணீரை நிரப்பி, மிதவைகளை ஒவ்வொன்றாகப் போடுவார்கள். மேலே நிற்பது நல்லது. உள்ளே போவது தண்ணீர் குடித்துக் கெட்டது. அதை எடுத்துத் தூர எறிந்துவிட வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது நடக்கப் பழகும்போதே தெரிந்துவிடும்.

அப்போது வீட்டில் நீலக் குப்பிகள் இரண்டு இருந்தன. ஒன்று பழசு, ஒன்று ஜெஸ்ஸி புதிதாகக் கொண்டுவந்தது. உப்புக் கையில் பட்டுப் பட்டுப் பழசின் தாள் உரிந்திருந்தது. புதிய குப்பியை யாராவது பார்த்தால் பெயரைப் படித்துவிடுவார்கள் என்ற பயத்தில் அதன் தாளைப் பச்சையம்மாவே உரித்துவிட்டிருந்தாள். இரண்டும் ஒரே தகர டப்பாவில் கிடந்தன. எது நல்லது, எது தீர்ந்தது என்று அவன் கேட்டான். அவள் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு, செய்ய வேண்டியதைச் செய்கிறவள் போல, இரண்டையும் குண்டானில் போட்டாள்.

ஒன்று சாய்ந்தபடி அழகாக மிதந்தது. இன்னொன்று நேராகக் கீழே போய், குண்டானின் அடியில் டங்கென்று தட்டியது.

தண்ணீர் குடித்துவிட்டது என்று அவள் சொன்னாள். அவனும் எட்டிப் பார்த்து ஆமாம் என்றான். மிதந்ததைத் துடைத்துக் கூட்டில் பொருத்தி அவன் தலைத்துண்டில் முடிந்தாள். முழுகியதைக் கெட்ட மிதவைகளோடு சேர்த்துக் கழிமுகப் பக்கம் வீசினாள். அவள் கை பலம் அப்படி. அது போய் விழுந்த இடத்தில் ஒரு மடவை மீன் துள்ளியது.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் பனி ஏரியின்மேல் தாழ்ந்து கிடந்தது. செங்கல்வராயன் வழக்கம்போலப் படகுக்குப் பின்னால் ஒதுங்கினான், இழுத்தான், இறங்கினான். குளிர் நெஞ்சில் ஏறியதுமே இறுக்கம் தொடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் கோழிக்குஞ்சுச் சத்தம் சின்னதம்பிக்கே கேட்டது. என்ன மச்சான் என்று கேட்டான். செங்கல்வராயன் தலைத்துண்டை அவிழ்த்து எதையோ வாயில் வைத்து அழுத்துவதைச் சின்னதம்பி பார்த்தான். மறுபடி அழுத்தினான். மறுபடியும். பம்பு சின்னதாகச் சீறியது. அதோடு சரி.

அப்போதே அவன் கரைப்பக்கம் நடந்திருக்கலாம். நடக்கவில்லை. கால் கயிற்றின்மேல் இருந்தது. காலை எடுத்தால் வலை திறந்துகொள்ளும், திறந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். உதடு நீலமாகி, கழுத்து நரம்பு புடைத்து, வாய் மீனைப் போலத் திறந்து திறந்து மூடியது. கால் மட்டும் கயிற்றை விடவில்லை. முழங்கால் மடங்கித் தண்ணீர் அவன் மோவாயைத் தொட்டபோதுதான் சின்னதம்பி தன் கயிற்றை விட்டுவிட்டு அவன் அக்குளில் கை கொடுத்தான். இரண்டு இடத்தில் வலை திறந்தது. பருவத்தின் நல்ல இறால் அவர்கள் கால்களை இடித்துக்கொண்டு வெளியே போனதை மற்றவர்கள் நின்று பார்த்தார்கள்.

படகில் கிடத்திக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். பொன்னேரியில் ஊசி போட்டு, முகத்தில் மூடி பொருத்தி மருந்துப் புகை வைத்தார்கள். மத்தியானத்துக்கு மேல்தான் அவனால் ஒரு வாக்கியத்தை உடைக்காமல் சொல்ல முடிந்தது. அவன் கேட்டது, எவ்வளவு இறால் போச்சு என்று.

ஜெஸ்ஸி வந்து அந்தப் பம்பைக் கையில் வாங்கினாள். குப்பியைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். இது காலி என்றாள். எப்படிக் காலியாகும், போட்டுப் பார்த்துத்தானே எடுத்துக் கொடுத்தேன் என்று பச்சையம்மா குண்டான் கதையைச் சொன்னாள். ஜெஸ்ஸி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“மருந்து இருக்கறது கனமா இருக்கும்க்கா. அது முழுகும். காலியானதுதான் மிதக்கும். அத்த தண்ணியிலயே போடக் கூடாது.”

பச்சையம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு அந்தக் குப்பி எந்தப் பக்கம் விழுந்தது என்று தனக்குத் தெரியும், போய் எடுத்து வருகிறேன் என்று எழுந்தாள். உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அவன் வீடு திரும்பியதும் ஊர்க்கூட்டம் போட்டார்கள். கோயிலுக்கு முன்னால் மணலில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் வேலி ஓரம் நின்றோம். போன இறாலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அது நாகரிகம். ஊர்த் தலைவரான பெரியதனக்காரர், அவனை உன் பக்கத்தில் இறக்கலாமா என்று சின்னதம்பியைத்தான் கேட்டார். அவன் மணலைக் கிளறியபடியே பேசினான்.

“அவன் கெட்டவன் இல்ல. என்கூடப் பொறந்தவன் மாதிரி. ஆனா என் பக்கத்துல இறங்க வேணாம். நான் வலையப் பாப்பனா, அவன் மூஞ்சப் பாப்பனா?”

அதை அவன் வஞ்சகமாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து சரியாகத் தூங்காதவன் கண்ணாக இருந்தது அவன் கண்.

அப்போது பச்சையம்மா வேலியைத் தாண்டி நடுவில் வந்து நின்றாள். எங்கள் குப்பத்தில் பெண்கள் கூட்டத்தின் நடுவில் வருவதில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

“தப்பு என்னுது. மெதந்தத வெச்சேன், முழுகினத எறிஞ்சேன். இங்க குந்தினுகீறவங்கள்ல ஒருத்தர் சொல்லுங்க, நீங்களா இருந்தா வேற மாதிரி பண்ணியிருப்பீங்கன்னு.”

அவள் குழாயடியில் இருமியதெல்லாம் நடிப்பு என்று அப்போதுதான் பெண்களுக்கு உறைத்தது. கஷாயம் காய்ச்சிக் கொடுத்தவர்கள்கூடச் சிரிக்கவில்லை. பெரியதனக்காரர் ஜெஸ்ஸியைக் கூப்பிட்டு, இவன் இனி இறங்கலாமா என்று கேட்டார். தினமும் காவி மருந்தை எடுத்து, உடம்பு தேறினால் டாக்டரே அனுமதிக்கலாம் என்று அவள் சொன்னாள். தண்ணீரில் வைத்து இழுப்பு மறுபடி வராது என்று உறுதி கொடுப்பாயா என்றார் அவர். அதை நானும் கொடுக்க முடியாது, எந்த டாக்டரும் கொடுக்க மாட்டார்கள் என்றாள். ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். நானாயிருந்தால் மூன்று சொல்லியிருப்பேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

இந்த வருஷம் செங்கல்வராயன் ஓய்வெடுக்கட்டும், அவன் இடத்தில் இளவழகன் இறங்கட்டும், அடுத்த சீட்டின்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானமானது. இளவழகன் அந்தக் கார்த்திகையில் கல்யாணம் முடித்து வரிசையில் முதலில் நின்ற பையன்.

அந்த வருஷம் செங்கல்வராயன் மருந்து எடுத்த மாதிரி நான் யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. மறைக்க ஒன்றும் மிச்சமில்லாததால் வாசலிலேயே உட்கார்ந்து இழுத்தான். காலையில் காவி, கொப்பளிப்பு. மாலையில் காவி, கொப்பளிப்பு. தெருவில் போகிறவர்கள் அவன் மூச்சை நிறுத்திவைக்கும்போது தாங்களும் நிறுத்திக்கொண்டு நின்றார்கள். களத்து வேலை போயிற்று, கொசுவர்த்தி போயிற்று, பச்சையம்மா விறகடுப்பைக் கொல்லைக்குத் தள்ளினாள். அனுப்பம்பட்டில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாகச் சேர்ந்தான். பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ரயில். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற வேலை. நாள் முழுக்க உலர்ந்த காலோடு இருப்பது அருவருப்பாக இருக்கிறது என்றான் ஒருநாள்.

ஜெஸ்ஸி மாதாமாதம் வந்தாள். புதுக் குப்பி கொடுத்தால் பழையதைக் கையோடு வாங்கிக்கொண்டு போவாள். அவனைப் பார்த்துக் களத்தில் இறால் அடிக்கிற பெண்கள் சிலரும், எனக்கும் இப்படித்தான் இழுக்கிறது என்று அவளிடம் சொல்லத் தொடங்கினார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு அவள் பொன்னேரிக்குப் போனாள். எத்தனை பேர் இத்தனை நாள் மறைத்தார்கள் என்று அப்போது வெளியே வந்தது.

வருஷக் கடைசியில் செங்கல்வராயன் டாக்டர் முன்னால் ஊதினான். முள் ஏறி நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. மருந்தை விடாமல், நீலத்தைக் கிட்ட வைத்துக்கொண்டு, குளிர் அதிகமான நாட்களை விட்டுவிட்டு இறங்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் கரையோரத்தில் நெஞ்சளவு தண்ணீரில் போய் நின்றான். முழுகினான், எழுந்தான். நல்ல மூச்சு. பழைய மூச்சில் பாதிக்கு மேல் இருக்கும். நான் கூட்டிச் சொல்லவில்லை.

சீட்டுப் போடும் நாளில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனான். ஜெஸ்ஸியும் வந்து டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள். இளவழகன் ஒரு பருவம் முழுக்க இறங்கிவிட்டான். அவன் பெண்சாதி மாசமாக இருந்தாள். ஒரு பருவம் முழுக்க இறங்கியவனை அந்த இடத்தை விட்டு எழுப்புவது எங்கள் முறையில் கிடையாது. போன வருஷம் அந்தத் தீர்மானம் போட்ட அன்றைக்கே இது அத்தனை பேருக்கும் தெரியும். செங்கல்வராயனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவன் பெரியதனக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“நீ திரும்பி வருவேன்னு யாரும் நெனைக்கல செங்கல்வராயா,” என்றார் அவர். குரலில் கடுமை இல்லை.

வேண்டுமானால் வரிசையின் கடைசியில் பெயரைச் சேர்க்கிறோம் என்றார்கள். அவனுக்கு முன்னால் மீசை சரியாக முளைக்காத புது மாப்பிள்ளைகள் இருந்தார்கள். சின்னதம்பி எழுந்து ஏதோ சொல்ல வந்தான். வேட்டியைத் தட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டான். செங்கல்வராயன், சேர்த்துக்கங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். சேர்த்தார்களா என்று தெரியாது.

அன்று சாயங்காலம் வழக்கமான நேரத்துக்குப் பச்சையம்மா பம்பையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். அவன் எடுக்கவில்லை. விளக்கு வைத்தும் அது அப்படியே இருந்தது. அவள் அதை எடுத்துக் குலுக்கி, மூடியைக் கழற்றி, அவன் கையில் திணித்தாள்.

“இனிமே எதுக்கு?” என்றான்.

“மூச்சு வுடறதுக்கு, நந்தினி நைனா.”

அவன் அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு மூச்சை முழுக்க வெளியே விட்டான், உதட்டில் வைத்தான், அழுத்தி இழுத்தான், நிறுத்தினான். பச்சையம்மா எதிரே நின்று எண்ணினாள். பத்து ஆயிற்று. அவன் விடவில்லை. அவள் மேலே எண்ணிக்கொண்டே போனாள், கடைசியில் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அப்போதுதான் விட்டான்.

வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, காலையில் ரயிலுக்கு எழுப்பு என்று சொல்லிப் படுத்துக்கொண்டான்.